மின் சீவுளியில் பொறி வட்டமாகச் சுற்றுகிறது: ஆமேச்சரை ஈயம் வைத்து ஒட்டலாமா?

உப்புவெளித் தச்சன்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். 82 மில்லிமீற்றர் மின் சீவுளி ஒன்று, 580 வாற். நான்கு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. இந்த மாரியில் ஈரத்தில் ஊதி நிலையோடு இறுகிய கதவுகளைச் சீவச் சொல்லித் தொடர்ந்து வேலை வந்தது. இப்போது மெசினில் பலம் இல்லை. முதிரையில் வைத்தால் சத்தம் இறங்கி நிற்கப் பார்க்கிறது. காற்றுத் துளையால் பார்த்தால் நீலப் பொறி வட்டமாகச் சுற்றுகிறது, கருகல் மணமும் வருகிறது. மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் காபன் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். ஆமேச்சரில், அதாவது மோட்டரின் சுற்றும் சுருளில், கம்பி விட்டிருக்கிறது, ஈயம் வைத்து ஒட்டித் தரலாம் என்கிறார்கள். புது ஆமேச்சர் வாங்குவது இப்போது கஷ்டம். பொங்கலுக்கு முன் இரண்டு வீட்டுக் கதவு கொடுக்க வேண்டும். ஒட்டலாமா?

பாலையூற்று:
அண்ணா, எக்ஸ்டென்ஷன் வயர் எவ்வளவு நீளம்? கரண்ட் குறைந்தாலும் பலம் போகும்.

உப்புவெளித் தச்சன்:
25 மீற்றர் தம்பி, 0.75 வயர்.

கிண்ணியா வைண்டிங்:
வயர் காரணமில்லை. அந்த மெசின் இழுப்பது இரண்டரை அம்பியர் அளவு. 25 மீற்றரில் 3 வோல்ற்தான் குறையும். ஆனால் வயரைச் சுருளிலேயே வைத்து வேலை செய்யாதீர்கள், சூடேறும்.

தம்பி, கடையில் சொன்னது சரியா என்று நீங்களே பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெசினைத் திறந்து ஆமேச்சரை வெளியே எடுங்கள். காபன் உரசும் செப்புத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாத் தகடும் ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் அது வழமையானதுதான். பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் இரண்டு மட்டும் விளிம்பில் கருகியிருந்தால் அந்த இடத்துக் கம்பி விட்டிருக்கிறது.

பிறகு மீற்றரை 200 ஓமில் வைத்து, அடுத்தடுத்த தகடுகளைச் சுற்றிவர அளந்து எழுதுங்கள். எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஓரிடத்தில் பல மடங்கு கூடினால் கம்பி விட்டது, நன்றாகக் குறைந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷோர்ட் ஆகிவிட்டது. தகட்டுக்கும் நடுத் தண்டுக்கும் இடையில் எண் எதுவும் வரக் கூடாது. வெளியே இருக்கும் ஃபீல்ட் சுருள் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், சமமாக இருக்க வேண்டும்.

உப்புவெளித் தச்சன்:
நானா, பார்த்துவிட்டேன். 24 தகடு. எல்லா இடத்திலும் 0.9, ஓரிடத்தில் மட்டும் 20. அந்த இரண்டு தகடும்தான் கருகியிருக்கின்றன. தண்டுக்கு ஒன்றும் காட்டவில்லை. ஃபீல்ட் இரண்டும் சமம். கம்பி, தகட்டின் கொக்கியில் இருந்து விட்டிருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

கிண்ணியா வைண்டிங்:
அப்போ கடையில் சொன்னது சரி. ஆனால் ஈயம் வேண்டாம். சாதாரண ஈயப் பற்று 190 பாகையிலேயே உருகிவிடும். பொறி பறக்கும் தகட்டில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றும் சாமானில் உருகிய ஈயம் பக்கத்துத் தகட்டில் தெறித்தால், ஒரு சுருளில் இருந்த பழுது ஃபீல்டையும் எரித்துவிடும். நானும் தொடக்கத்தில் இப்படி ஒன்று ஒட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் முழுதாக எரிந்து திரும்பி வந்தது. அந்த மனிதருக்கு நான் செய்த பிழை அது, இன்றும் மனதில் இருக்கிறது.

திரும்பச் சுற்றுவதையும் இந்த அளவு மோட்டருக்குச் சொல்ல மாட்டேன். எடை ஒரு பக்கம் கூடினால் பெயாரிங் போய்விடும். காசு கொஞ்சம் கூடினாலும் புது ஆமேச்சர் போடுங்கள். கதவுக்கு ஒரு கிழமை மெசின் இரவல் கிடைக்காதா?

இன்னொன்று. கம்பி ஏன் விட்டது என்று பார்க்காமல் பூட்டினால் புதியதும் போகும். பிளேட் எப்படி இருக்கிறது?

உப்புவெளித் தச்சன்:
பிளேட் மொட்டை. பழைய கதவுகளில் பெயின்றும், இரண்டு இடத்தில் ஆணியும் அடிபட்டன. வேலை நெருக்கத்தில் அழுத்தித் தள்ளினேன். காற்றுத் துளையிலும் சீவல் அடைத்திருந்தது.

கிண்ணியா வைண்டிங்:
அதுதான். மொட்டைப் பிளேட்டை அழுத்தினால் மோட்டர் மெதுவாகிக் கரண்ட் கூட இழுக்கும், விசிறியும் சேர்ந்தே மெதுவாகும். சூடு போக வழியில்லை. பெயாரிங்கை விரலில் சுற்றிப் பாருங்கள், மணல் மாதிரி நெறித்தால் அதையும் மாற்றுங்கள். உப்புக் காற்றில் அதுவும் சீக்கிரம் போகும். இனிமேல் தகடு துடைப்பதென்றால் மரம் தேய்க்கும் நைசான தாள் மட்டும் போடுங்கள். எமறித் தாளின் துகள் தகடுகளுக்கு இடையில் சிக்கும்.

நிலாவெளி மரவேலை:
தம்பி, என்னிடம் ஒரு சீவுளி சும்மா இருக்கிறது. நாளை வந்து எடுங்கள், பொங்கலுக்குப் பிறகு தந்தால் போதும்.

உப்புவெளித் தச்சன்:
பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். நிலாவெளி அண்ணாவின் சீவுளியில் இரண்டு கதவும் முடித்துக் கொடுத்தேன், அந்தக் காசில் ஆமேச்சர் வாங்கினேன். ஒரு பெயாரிங் நெறித்தது, இரண்டையும் மாற்றினேன். பிளேட்டும் புதிது. காபன் பதிய 10 நிமிடம் சும்மா ஓடவிட்டேன். காபன் நுனியில் சிறு புள்ளியாகத்தான் பொறி தெரிகிறது. முதிரையில் ஒரு மில்லிமீற்றர் வைத்துச் சீவினேன், சத்தம் இறங்கவில்லை.