பி.எல். பி.டி.எஃப். ஆக வந்தால் சரக்கை எடுக்க முடியாதா?

கிழக்கு லண்டன் மளிகைக்காரன்:
தூத்துக்குடியிலிருந்து வந்த கண்டெய்னர் இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்கி எட்டு நாள் ஆகிறது. புளி, மிளகாய்த்தூள், அப்பளம். அசல் பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் சீட்டு) மட்டும் வந்து சேரவில்லை. இன்வாய்ஸில் என் கடைப் பெயரில் ஓரெழுத்து குறைகிறதென்று ஏற்றுமதியாளரின் வங்கி எல்லாத் தாள்களையும் அவரிடமே திருப்பிவிட்டதாம். இங்கே டெமரேஜ், அதாவது பெட்டியை எடுக்கத் தாமதமானதற்கான கட்டணம், ஏறிக்கொண்டே போகிறது. பி.எல். பி.டி.எஃப். என் கைபேசிக்கு மூன்று முறை வந்துவிட்டது. பிரிட்டனில் 2023-இலேயே மின்னணு வணிக ஆவணச் சட்டம் வந்துவிட்டதாமே, அதைச் சொல்லிக் கேட்டால் பெட்டியைத் தரமாட்டார்களா?

பழைய ஷிப்பிங் ஆள்:
தரமாட்டார்கள், தம்பி. உங்கள் கைபேசியில் இருப்பது பி.எல். இல்லை, அதன் படம்.

இருபத்தாறு வருடம் பி.எல்.களோடு குடித்தனம் நடத்தியவன் நான். பி.எல். தாளின் முதுகில் கையெழுத்துப் போட்டு நீட்டினால், நடுக்கடலில் இருக்கும் புளிமூட்டையைக் கேட்கும் உரிமை கைமாறிவிடும். அதனால்தான் அது யார் கையில் இருக்கிறது என்பதற்கு இத்தனை மரியாதை. தொட முடியாத ஒன்றை ஒருவர் 'கையில் வைத்திருக்க' முடியாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய பிடிவாதம். 2007-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் அதைத் தளர்த்தவில்லை. கணினியில் இருந்த பி.எல். அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது.

2023 செப்டம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த முட்டுக்கட்டையை எடுத்தது. ஏழே பிரிவுகள், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். மின்னணு ஆவணத்தையும் உடைமையாக வைத்திருக்கலாம், மேலொப்பமிட்டு மாற்றலாம் என்கிறது 3-ஆம் பிரிவு. ஆனால் 2-ஆம் பிரிவு காவல்காரன் மாதிரி வாசலில் நிற்கிறது: அசலையும் நகலையும் பிரித்தறிய முடிய வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆள முடியக்கூடாது, கொடுத்ததும் கொடுத்தவர் கை காலியாக வேண்டும். மூன்று முறை வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

கிழக்கு லண்டன் மளிகைக்காரன்:
சரி ஐயா. இருக்கிற தாளையே மின்னணுவாக மாற்ற வழியில்லையா?

பழைய ஷிப்பிங் ஆள்:
4-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாற்றியதும் தாள் செத்துவிடும். அதற்குக் கப்பல் கம்பெனி, நீங்கள், ஏற்றுமதியாளர் மூவரும் மின்னணு பி.எல்.லுக்குத் தகுந்த ஒரு கணினித் தளத்தில் இருக்க வேண்டும். எட்டு நாள் டெமரேஜுக்கு நடுவே ஆரம்பிக்கிற வேலையா அது?

தூத்துக்குடி ஃபார்வர்டர்:
அண்ணாச்சி, அசல் தாள்கள் இப்போது ஏற்றுமதியாளரிடம்தானே இருக்கின்றன? பணத்தை அனுப்பிவிட்டு, முழு செட்டையும் இங்குள்ள கப்பல் ஏஜென்ட்டிடம் சரண்டர் செய்ய, அதாவது திருப்பி ஒப்படைக்கச் சொல்லுங்கள். சரக்கைக் கொடுத்துவிடலாம் என்ற டெலக்ஸ் ரிலீஸ் செய்தி அங்கே போய்விடும், அசலைக் காட்ட வேண்டியதில்லை. 1856-ஆம் ஆண்டு பி.எல். சட்டத்துக்குப் பதிலாக இந்தியாவில் 2025-இல் புதுச் சட்டம் வந்தும், மின்னணு பி.எல்.லுக்கு அதில் தெளிவான இடம் கொடுக்கவில்லை. நாங்கள் இன்னும் தாளைத்தான் சுமக்கிறோம்.

கிழக்கு லண்டன் மளிகைக்காரன்:
பணம் அனுப்பிவிட்டேன். நாளை காலை சரண்டர் செய்கிறாராம்.