ரொக்கார் ராஜினாமா செய்தாரா, துரத்தப்பட்டாரா?

நெய்தல்: "பிரெஞ்சுப் பிரதமர் வேலை சுகமானது, பழியெல்லாம் அதிபருக்கு. மிஷேல் ரொக்கார் கூட அலுத்துப்போய்த்தான் ராஜினாமா செய்தார்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. அலுத்துப்போனாரா? அப்போதைய அதிபர் மித்தரோன் அவரைத் துரத்தினார். பெரும்பான்மை இல்லாத சபையை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டிய மனுஷன். 1990 நவம்பரில் அவருக்கு எதிரான தீர்மானத்துக்கு 284 வாக்கு. இன்னும் 5 விழுந்திருந்தால் அரசு கவிழ்ந்திருக்கும். இதுவா சுகம்?

பழையவாசகன்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். அரசியல் சட்டம் 8வது பிரிவைப் படியுங்கள். பிரதமர் ராஜினாமா கொடுத்தால்தான் அதிபர் அவர் பதவியை முடிக்க முடியும். 1991 மே 15 அன்று ரொக்கார் கொடுத்தார். கொடுத்தால் ராஜினாமாதான்.

நெய்தல்: வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதும் சாவியைக் கொடுப்பவன், தானாகப் போனவனா? தானாகப் போன பிரதமர் ஷிராக். 1976 ஆகஸ்டில், வேலையைச் செய்யத் தேவையான வழிவகை தன்னிடம் இல்லை என்று காமிரா முன்னால் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வந்தி: முதலில் அது ரொக்கார் இல்லை, ரொகார். பாரிஸில் 18 வருஷமாக இருக்கிறேன். பெயரே சரியாக எழுதத் தெரியாமல் சட்டப் பிரிவு பேசுகிறீர்கள்.

பழையவாசகன்: ஷிராக் கொடுத்ததும் ராஜினாமா, ரொக்கார் கொடுத்ததும் ராஜினாமா. அப்புறம், உங்கள் ரொக்கார் ஒன்றும் அப்பாவி இல்லை. 49.3 பிரிவை 28 முறை எடுத்தவர். வாக்கெடுப்பே இல்லாமல் மசோதாவை நிறைவேற்றும் வழி அது.

நெய்தல்: பிரதமராக இருந்த எலிசபெத் போர்ன் 23 முறை எடுத்தார், அப்போது நீங்கள் வாயே திறக்கவில்லை. போன மாதம் முன்னாள் பிரதமர் ஜோஸ்பன் பற்றிய இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றிவிட்டுக் காணாமல் போனீர்கள். சரி, ஒரே கேள்வி. 2024 டிசம்பரில் சபையில் 331 பேர் வாக்களித்து அப்போதைய பிரதமர் பார்னியேவைக் கவிழ்த்தார்கள். அவர் அதிபரிடம் கொடுத்ததும் ராஜினாமாதான், சபை கவிழ்த்தால் 50வது பிரிவு கொடுக்கச் சொல்கிறது. அவரும் அலுத்துப்போய்த்தான் போனாரா?

பிரதமர் இருக்கும் மத்தின்யோன் மாளிகைப் படிக்கட்டைப் பாருங்கள். பழையவரும் புதியவரும் அங்கே நின்று பேசுவார்கள், பிறகு பழையவர் முற்றத்தில் காரேறிப் போய்விடுவார். 2024 செப்டம்பரிலிருந்து 2025 செப்டம்பர் வரை இது மூன்று முறை நடந்தது. அப்படி மூன்றாவதாக வந்த லெகோர்னு அமைச்சர் பட்டியலை இரவு வெளியிட்டார், மறுநாள் காலை ராஜினாமா. அந்த வாரமே திரும்பவும் அவரையே நியமித்தார்கள். ஒரு பக்கம் சபை, இன்னொரு பக்கம் அதிபரின் எலிசே மாளிகை, நடுவில் இவர்கள். இதைப் போய்ச் சுகம் என்கிறீர்கள்.

பழையவாசகன்: லெகோர்னுவும் ராஜினாமா செய்தார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி.

செவ்வந்தி: நான் சொன்னதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. ரொகார்.

நெய்தல்: எழுத்துப்பிழைக்குத் தனி இழை திறங்கள் செவ்வந்தி. பழையவாசகன், பார்னியே கேள்விக்குப் பதில் எங்கே?

பழையவாசகன்: நீங்கள் 50 பேசுகிறீர்கள், நான் பேசுவது 8.