நுவரெலியாவில் மாஷ்மெலோ ஸ்ப்ரெட்: பாகு ஏன் நூல் நூலாக இறுகுகிறது?

மூடுபனி_நுவரெலியா

கேக் வேலை தெரிந்த அக்காமார் யாராவது பார்த்தால் பதில் சொல்லுங்கள். போன மாதம் சித்தி கனடாவிலிருந்து வந்தபோது பாணில் பூசிச் சாப்பிடுகிற வெள்ளை மாஷ்மெலோ க்ரீம் ஒரு போத்தல் கொண்டுவந்தார், பிள்ளைகள் மூன்றே நாளில் முடித்துவிட்டு இப்போது தினமும் கேட்கிறார்கள். இங்கே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை நமக்குச் சரிவராது. அதனால் வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினேன்.

நான் பார்த்த செய்முறை: 2 முட்டை வெள்ளைக்கரு, அரைக் கப் சீனி, அரைக் கப் குளுக்கோஸ் சிரப், கால் கப் தண்ணீர், ஒரு சிட்டிகை க்ரீம் ஒஃப் டார்டார் (நுரை கலையாமல் நிற்கப் போடுகிற புளிப்புத் தூள்), வனிலா. பாகை 116 டிகிரிக்குக் காய்ச்சி, நுரைத்த வெள்ளைக்கருவில் ஊற்றி அடிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. கொழும்பில் வாங்கிய தர்மாமீட்டரை வைத்துச் சரியாக 116 வந்ததும் இறக்கினேன். ஊற்றிய உடனே பாதிப் பாகு கிண்ணத்தின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டது, மீதி பீட்டர் கம்பியில் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டது. அடுத்த முறை பயந்துபோய் 105லேயே இறக்கினேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சீனித் தண்ணீர். நான் எங்கே பிழை விடுகிறேன்?

ஹட்டன்_கேக்_அக்கா

தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. அந்த 116 கடல் மட்டத்தில் இருக்கிறவர்களுக்கு எழுதிய கணக்கு. நீங்கள் இருப்பது ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், அங்கே தண்ணீரே 94 டிகிரி அளவில் கொதித்துவிடும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகிறது. பாகும் அப்படித்தான். பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம், சூடு அதைக் கண்டுபிடிக்கிற ஒரு வழி மட்டும்தான். நுவரெலியாவில் 116 வரும்போது, கொழும்பில் 122க்குக் காய்ச்சிய அளவு தண்ணீர் போயிருக்கும். அது டொஃபி இறுகுகிற பதத்துக்குக் கிட்ட, பிறகு எப்படி க்ரீம் ஆகும்?

இதற்கு ஒரு வழி சொல்கிறேன், கூகுளில் உயரம் தேடவே தேவையில்லை. முதலில் ஒரு சட்டியில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நன்றாகத் தளதளக்கும்போது தர்மாமீட்டரை அடியில் முட்டாமல் பிடித்துப் பாருங்கள். 100க்கு எத்தனை குறைகிறதோ அத்தனையைச் செய்முறையில் உள்ள எண்ணிலிருந்தும் கழியுங்கள். 94 காட்டினால் 116க்குப் பதில் 110. உங்கள் தர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி பிழையாகக் காட்டுகிற சாமானாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அதுவும் சேர்ந்தே சரியாகிவிடும். நான் ஹட்டனில் 112ல் இறக்குகிறேன், எங்களுக்கு 4 டிகிரிதான் வித்தியாசம். 105 உங்களுக்குக் குறைவு, தண்ணீர் கூடுதலாக நின்றுவிட்டது, அதுதான் காலையில் அடியில் இறங்கியது.

அப்புறம் குளிர். இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம் பக்கத்தில் பாதிக் காரணம் இதுதான். விடிகாலைக் குசினியில் ஸ்டீல் கிண்ணம் ஐஸ் மாதிரி இருக்கும், கொதிக்கிற பாகு அதில் பட்டதும் அங்கேயே இறுகிவிடும். முட்டையை உடைக்காமல் ஐந்து நிமிஷம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கிண்ணத்தைச் சுடுதண்ணீரால் அலசி, ஈரமில்லாமல் துடைத்து, தேசிக்காய் மூடியால் உள்ளே ஒரு தேய் தேய்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எண்ணெய்ப் பசையோ மஞ்சள் கருவோ துளி இருந்தாலும் நுரை எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் அதில் எண்ணெய் நிற்கும்.

பாகை ஊற்றும்போது பீட்டர் கம்பிக்கும் கிண்ண ஓரத்துக்கும் நடுவில், மெல்லிய நூலாக, பீட்டரை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். கம்பியில் பட்டால் ஓரத்துக்குத் தெறிக்கும், ஓரத்தில் பட்டால் ஒட்டும். ஊற்றி முடித்த பிறகு ஏழெட்டு நிமிஷம் கூடிய வேகத்தில் அடியுங்கள். கிண்ணத்தின் அடியில் கை வைத்தால் வெதுவெதுப்புத்தான் இருக்க வேண்டும், கம்பியைத் தூக்கினால் க்ரீம் மெதுவாக நாடா மாதிரி விழுந்து மேலேயே கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும். வனிலா கடைசியில்.

பண்டாரவளை_பெரியம்மா

நான் தர்மாமீட்டர் பார்த்ததே இல்லை மகள். தீபாவளிக்கு அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவோமே, ஒரு கிண்ணத்தில் பச்சைத்தண்ணீர் வைத்துப் பாகில் ஒரு துளி விட்டுப் பார்ப்போமே, அதேதான் இதற்கும். துளி தண்ணீரில் கரைந்து ஓடினால் இன்னும் காய்ச்ச வேண்டும். அடியில் போய்த் திரண்டு நின்று, விரலால் கூட்டினால் உருண்டையாகி, வெளியே எடுத்ததும் விரல் நடுவே மெத்தென்று சப்பையாகிவிட்டால் இறக்கிவிடுங்கள். உருண்டை சப்பையாகாமல் கெட்டியாக நின்றால் பதம் தாண்டிவிட்டது. பார்க்கிற நேரத்தில் சட்டியை அடுப்பிலிருந்து தள்ளி வைக்க மறக்க வேண்டாம், நாம் விரலால் உருட்டிக்கொண்டிருக்கும்போதே அங்கே பாகு ஏறிவிடும். என் அம்மா தோட்டத்தில் விறகடுப்பில் செய்தபோதும் இதே பதம்தான், கொழும்பில் மகன் வீட்டு கேஸ் அடுப்பில் நான் செய்யும்போதும் இதே பதம்தான். மலைக்கு ஒரு கணக்கு, கடற்கரைக்கு ஒரு கணக்கு என்று கழிக்க வேண்டியதில்லை.

சீனி முழுக்கக் கரைந்து கொதி வந்த பிறகு கரண்டி போடாதீர்கள். சட்டி ஓரத்தில் சீனி ஒட்டியிருந்தால் நனைத்த பிரஷ்ஷால் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாகு பூத்து மணல் மணலாகிவிடும்.

பதுளை_வாசகி

இரண்டு கேள்வி. மாஷ்மெலோ என்றால் ஜெலட்டின் இருக்குமே, எங்கள் வீட்டில் ஹலால் பார்த்துத்தான் வாங்குவோம், இதில் போட வேண்டுமா? மற்றது, வெள்ளைக்கரு பச்சையாகத்தானே இருக்கிறது, சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? குளுக்கோஸ் சிரப்பும் எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் இல்லை.

ஹட்டன்_கேக்_அக்கா

பதுளைத் தங்கச்சிக்கு: ஜெலட்டின் வேண்டாம். துண்டு துண்டாக விற்கிற மாஷ்மெலோவுக்குத்தான் அது தேவை, வெட்டினால் நிற்க வேண்டுமே. பூசுகிற க்ரீமை வெள்ளைக்கருவும் பாகும் மட்டுமே தாங்கும். அமெரிக்காவில் இதை வீட்டில் செய்து வீடு வீடாக விற்ற ஆர்ச்சிபால்ட் குவெரி, 1920ல் தன் செய்முறையை 500 டொலருக்கு இரண்டு பேருக்கு விற்றார். அவர்கள் தொடங்கிய கம்பனி இன்றைக்கு விற்கிற போத்தலிலும் ஜெலட்டின் இல்லை.

முட்டை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பாகு ஊற்றும்போது சூடு ஏறும்தான், ஆனால் எல்லா இடத்திலும் போதுமான அளவு ஏறும் என்று சொல்ல முடியாது, அதிலும் நாம் 110லேயே இறக்குகிறோம். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: வெள்ளைக்கரு, சீனி, சிரப், க்ரீம் ஒஃப் டார்டார் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் சேர்க்காமல், கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியின் மேல் வைத்து, கையை எடுக்காமல் கிளறி 71 டிகிரிக்குக் கொண்டுவந்து அப்புறம் அடியுங்கள். இந்த 71ஐ மலை என்று கழிக்கக்கூடாது, கிருமி சாகிற சூடு எங்கேயும் ஒன்றுதான். க்ரீம் கொஞ்சம் இளக்கமாக வரும், பாணுக்கு அது போதும்.

சிரப் இல்லாவிட்டால் ஒரு கப் சீனி, அரைக் கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு சேர்த்து, சின்ன நெருப்பில் தேன் மாதிரி வரும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். புளிப்பு, சீனியின் ஒரு பங்கைப் பிரித்துவிடும், அதனால் பாகு பூக்காது. கித்துள் பாணியும் போடலாம். நிறம் போய்விடும், வாசம் தூக்கலாக வரும், எனக்கு அந்த வாசம் மிகவும் பிடிக்கும்.

மூடுபனி_நுவரெலியா

அக்கா, பெரியம்மா, இன்றைக்குக் காலையில் செய்தேன். தண்ணீர் 93 காட்டியது, அதனால் 109 என்று கணக்கு வைத்தேன். 107ல் துளி தண்ணீரில் கலைந்தது, 109ல் விரலில் உருண்டு சப்பையானது, இரண்டும் ஒன்றாக வந்ததைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓரத்தில் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. பள்ளி விட்டு வந்த சின்னவள் பாணில் ஒரு பக்கம் இதையும் மறு பக்கம் அரைத்த கச்சானையும் பூசிச் சாப்பிட்டாள். மிச்சத்தை போத்தலில் போட்டு ப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வைக்கலாம்?

ஹட்டன்_கேக்_அக்கா

ஒரு வாரம். ஈரக் கரண்டி போடாதீர்கள், மூடியை இறுக்கி மூடுங்கள், சீனி நம் ஊர் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும்.