நாலாவது ஆப்ஷன் வேண்டும் என்றால் பெரிய திட்டத்துக்கு மாற வேண்டுமா?

ஊசிநூல்:

வணக்கம். சேலத்தில் ரெடிமேட் பிளவுஸ் தைத்து ஆன்லைனில் விற்கிறோம். நான்கு மெஷின், நானும் தங்கையும், கூட இரண்டு அக்காக்கள். கடை ஷாப்பிஃபையில் (கட்டணம் கட்டி ஆன்லைன் கடை நடத்தும் தளம்) இருக்கிறது, பேசிக் திட்டம்.

ஒரு பிளவுஸுக்கு 32 முதல் 44 வரை 7 சைஸ், 9 கலர், அப்புறம் கை 3 வகை: ஸ்லீவ்லெஸ், அரைக்கை, முக்கால் கை. இதுவரை சரியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது லைனிங் வைத்தது, வைக்காதது என்று பிரித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால் நாலாவது ஆப்ஷன் சேர்க்க இடமே இல்லை. லைனிங் வைத்தால் 80 ரூபாய் கூடுதல், அதனால் விலையும் தனியாக வர வேண்டும்.

தெரிந்த டெவலப்பர் ஒருவரிடம் கேட்டேன், "பெரிய திட்டத்துக்கு மாறுங்க, எல்லாம் திறந்துடும்" என்கிறார். ஒரு வீடியோவில் பார்த்தால் ஒரு பொருளுக்கு 100 வேரியன்ட்தான் (சைஸ், கலர், கை சேர்ந்த ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு வேரியன்ட்) என்று சொல்கிறார்கள், ஆனால் என்னுடையதில் 189 ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எதை நம்புவது என்றே தெரியவில்லை. தங்கைக்கும் ஒரு லாகின் கொடுக்க வேண்டும், இப்போது என் பாஸ்வேர்டைத்தான் இரண்டு பேரும் வைத்திருக்கிறோம்.

மாதம் 300 ஆர்டர் வருகிறது, சராசரி 1,100 ரூபாய், அதில் 160 வரை சிஓடி (பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பது). திட்டத்தை மாற்றலாமா? வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் விலை குறைவு என்பதால் இந்த வாரமே முடிவெடுக்கப் பார்க்கிறேன்.

கடைக்கணக்கு:

தயவுசெய்து இந்த வாரம் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: நீங்கள் முட்டி நிற்கும் தடை உங்கள் திட்டத்தினுடையதா, அந்த மென்பொருளினுடையதா? நாலாவது ஆப்ஷன் மென்பொருளின் தடை. ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு மூன்று ஆப்ஷன்தான், பேசிக்கிலும் அதுதான், அட்வான்ஸ்டிலும் அதுதான், பெரிய நிறுவனங்கள் வாங்கும் பிளஸிலும் அதுதான். எவ்வளவு கட்டினாலும் அது திறக்காது.

வேரியன்ட் எண்ணிக்கை வேறு விஷயம். நீங்கள் பார்த்த வீடியோ பழையது. முன்பு 100 இருந்தது, 2025-இல் அதை 2,048 ஆக்கினார்கள், அதுவும் எல்லாத் திட்டத்துக்கும்.

லைனிங்குக்கு ஒரு வழி இருக்கிறது. கையையும் லைனிங்கையும் ஒரே ஆப்ஷனில் சேர்த்துவிடுங்கள். "அரைக்கை, லைனிங் உண்டு", "அரைக்கை, லைனிங் இல்லை" என்று மூன்று கைக்கும் இரண்டிரண்டாக ஆறு. 7 × 9 × 6 = 378 வேரியன்ட், 2,048-க்கு ரொம்பத் தூரம். ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் தனி விலை போடலாம் என்பதால் அந்த 80 ரூபாய் கணக்கும் தீர்ந்தது.

சிலர் லைனிங்கை ஆர்டரோடு வரும் ஒரு குறிப்பாக வைக்கச் சொல்வார்கள், அதாவது பொருள் பக்கத்தில் ஒரு தேர்வுப்பெட்டி வைத்து வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்தது ஆர்டரில் எழுத்தாக வந்து விழும்படி. பெயர் எம்பிராய்டரி மாதிரியான வேலைக்கு அது அருமை. ஆனால் அது தானாக விலையைக் கூட்டாது, ஸ்டாக்கும் எண்ணாது, அதனால் உங்களுக்குச் சரிவராது.

லாகின் மட்டும் உண்மையிலேயே திட்டத்தைப் பொறுத்தது. இப்போது பேசிக்கில் உரிமையாளரைத் தவிர வேறு ஆளுக்கு லாகின் கிடையாது (முன்பு 2 கொடுத்தார்கள்), அடுத்த திட்டமான க்ரோவில் 5, அதற்கும் மேலான அட்வான்ஸ்டில் 15. டெவலப்பருக்கு இதில் ஒன்றைச் செலவழிக்க வேண்டாம், அவர் தன் ஷாப்பிஃபை பார்ட்னர் கணக்கிலிருந்து (டெவலப்பர்களுக்கான கணக்கு) கொலாபரேட்டராக, அதாவது வெளியிலிருந்து வேலை செய்பவராக, அனுமதி கேட்கலாம், அது இந்த எண்ணிக்கையில் சேராது.

தறிவாசல்:

மேலே சொன்ன 378-இல் ஒரு சிக்கல் இருக்கிறது, நான் துண்டு, போர்வை விற்பதால் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேரியன்ட் 250-ஐத் தாண்டினால் பழைய தீம்கள் (கடைப் பக்கத்தின் வடிவமைப்புகள்) தடுமாறும். அட்மினில் (நாம் கடையை நிர்வகிக்கும் பக்கம்) எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஸ்டாக் 6 என்று காட்டும், ஆனால் வாடிக்கையாளர் போனில் 42 சைஸ் மெரூனைத் தொட்டால் "கிடைக்கவில்லை" என்று வரும். ஆர்டர் வராமல் போவதற்குக் காரணமே தெரியாது. தீமைப் புதுப்பித்தால் சரியாகலாம், ஆனால் உங்கள் பொருளுக்கு நான் வேறு வழி சொல்வேன்.

கலரைத் தனித்தனிப் பொருளாக்குங்கள். ஒன்பது கலருக்கு ஒன்பது பொருள், ஒவ்வொன்றிலும் 7 × 6 = 42 வேரியன்ட். பிளவுஸ் வாங்குபவர் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கலரைத்தான் முதலில் தேடுவார். பட்டியல் பக்கத்தில் ஒன்பது படமும் தனித்தனியாகத் தெரியும்போது அவருக்குப் பாட்டில் பச்சை எது, கிளிப்பச்சை எது என்று உடனே பிடிபடும். இப்போது மூன்று இடத்தில் இரண்டுதான் தேவைப்படும், மூன்றாவது காலியாக இருப்பதால் கையையும் லைனிங்கையும் ஒட்டவே வேண்டாம், லைனிங்கைத் தனி ஆப்ஷனாகவே வைக்கலாம்.

தனித்தனிப் பொருட்களை ஒரே பக்கமாகக் காட்டும் ஷாப்பிஃபையின் சொந்தச் செயலி பிளஸ் திட்டத்துக்கு மட்டும்தான். அது வேண்டாம், ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் மற்ற கலர்களுக்கு லிங்க் கொடுத்தாலே போதும், டெவலப்பருக்கு அது பெரிய வேலை இல்லை.

வூகாமர்ஸுக்கு (வேர்ட்பிரஸ் தளத்தில் நாமே நிறுவி நடத்தும் கடை மென்பொருள்) போகச் சொல்லி யாராவது வருவார்கள். அங்கே மூன்று ஆப்ஷன் என்ற கட்டு இல்லை, மாதத் திட்டமும் இல்லை, உண்மைதான். ஆனால் ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட் எல்லாம் நம் தலையில், அதோடு ஒரு பொருளில் 30 வேரியேஷனை (வேரியன்ட்டுக்கு அங்கே உள்ள பெயர்) தாண்டினால் இல்லாத சேர்க்கைகளை மங்கலாக்கிக் காட்டுவதுகூட இயல்பாக வேலை செய்யாது, அமைப்பை மாற்ற வேண்டும். லைனிங்குக்காக மட்டும் கடையை இடம் மாற்ற வேண்டாம்.

பில்புத்தகம்:

கமிஷன் கணக்கை யாரும் போடவில்லை, நான் போடுகிறேன். ஷாப்பிஃபையே பணம் வாங்கித் தரும் ஷாப்பிஃபை பேமென்ட்ஸ் சேவை இந்தியாவில் கிடையாது, அதனால் ரேஸர்பே மாதிரி வெளி கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) வைக்கிறோம், அதற்காகத் திட்டத்தைப் பொறுத்து ஷாப்பிஃபை தனியாக ஒரு கமிஷன் எடுக்கும்: பேசிக்கில் 2%, க்ரோவில் 1%, அட்வான்ஸ்டில் 0.6%. கேட்வே எடுப்பது இதற்கு மேல். சிஓடி ஆர்டருக்கு இந்தக் கமிஷன் இல்லை, பலர் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள்.

உங்களுக்கு 300-இல் 160 சிஓடி, மீதி 140. 140 × 1,100 = 1,54,000 ரூபாய். க்ரோவுக்கு மாறினால் மிச்சம் அதில் 1%, அதாவது மாதம் 1,540. இரண்டு திட்டத்துக்கும் உள்ள மாத வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருந்தால்தான் கமிஷனுக்காக மாறுவதில் அர்த்தம். விலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், வித்தியாசம் சில ஆயிரம் இருக்கும். வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 4,000 வித்தியாசம் என்றால் சிஓடி போக மாதம் 4 லட்சம் விற்றால்தான் சமமாகும்.

வருடக் கட்டணம் பற்றி ஒன்று. வேறொரு தளத்தில் கூரியர் கட்டணம் தானாக வரும் என்று நம்பி ஒரு வருடத்துக்குக் கட்டினேன். அந்த வசதி அடுத்த திட்டத்தில்தான் இருந்தது. அட்டவணையில் டிக் இருந்தது, கீழே சின்ன எழுத்தில் நிபந்தனை இருந்தது, நான் படிக்கவில்லை. பணம் திரும்பி வரவில்லை. அந்த தீபாவளிக்கு நூல் வாங்க வைத்திருந்த காசு அது, இன்னும் மனசு ஆறவில்லை. மாறுவதாக இருந்தால் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். திரும்பக் கீழே இறங்கும்போது அதிகப்படி லாகின்களை நீக்கிய பிறகுதான் இறங்க முடியும், அதையும் மனதில் வையுங்கள்.

ஊசிநூல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே மெரூனை மட்டும் தனிப் பொருளாக்கிப் பார்த்தேன். சைஸ், கை, லைனிங் மூன்றும் அழகாக உட்கார்ந்துவிட்டன, லைனிங் வைத்தது 80 ரூபாய் கூடுதலாகவே காட்டுகிறது. தங்கை போனிலிருந்து ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டாள், "38, முக்கால் கை, லைனிங் உண்டு" என்று ஆர்டரில் ஒரே வரியில் வந்தது, தைக்கும் அக்காவுக்கு அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

மீதி எட்டுக் கலரையும் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிடுவோம். திட்டத்தை மாற்றவில்லை. லாகின் மட்டும் பாக்கி. அதற்காக க்ரோவுக்கு இப்போது போவதா, ஆடித் தள்ளுபடி விற்பனை வரும்போது ஒரு மாதம் மட்டும் போவதா என்று யோசிக்கிறேன். அதுவரை பேக்கிங் முழுக்கத் தங்கை, அட்மின் முழுக்க நான். பாஸ்வேர்டை இன்று காலை மாற்றிவிட்டேன்.

@பில்புத்தகம்: சிஓடிக்குக் கமிஷன் இல்லை என்பது தெரியாமல் போன மாதக் கணக்கில் 300 ஆர்டருக்கும் கழித்து எழுதியிருக்கிறேன். நோட்டை எடுத்துத் திருத்தப் போகிறேன்.