கிராலர் எழுதறவங்க, சர்வர் வச்சிருக்கறவங்க: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பீளமேடு

வணக்கமுங்க. மஞ்சள், கொப்பரை, பருத்தி நூல் விலையைப் பல சைட்ல இருந்து தினமும் எடுத்து ஒரே இடத்துல காட்டற மாதிரி பைத்தான்ல ஒரு கிராலர், அதாவது சைட் சைட்டா தானாப் போய்ப் பக்கங்களை எடுத்துட்டு வர்ற புரோகிராம், எழுதிட்டு இருக்கேன். கோடு ஓடுது, அதுல சந்தேகமில்லை. அந்தப் பக்கம் இருக்கற சர்வருக்கு நோகாம எடுக்கறது எப்படின்னு தேடினா, எல்லாரும் "ஒரு நொடி இடைவெளி விடு"ன்னு சொல்லி முடிச்சுக்கறாங்க. அதுக்கு மேல என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்தவங்க எழுதுங்க. கிராலர் எழுதினவங்க மட்டுமில்ல, கிராலர்கிட்ட அடி வாங்கினவங்களும்.

திருப்பூர், ஹோஸ்டிங்

அடி வாங்கின கட்சி நானுங்க. பனியன் கம்பெனி, பிரிண்டிங் யூனிட், எம்பிராய்டரி யூனிட்டுன்னு சின்னச் சின்ன சைட்டா நாப்பது ஐம்பது என்கிட்ட ஓடுது. எல்லாமே ஒரே பெட்டி (சர்வர்), ஒரே ஐபி (நெட்ல அந்தப் பெட்டியோட முகவரி எண்). மாசம் ஐநூறு ரூபாய்க்கு மேல குடுக்க மாட்டேங்கற பார்ட்டிங்களுக்கு அவ்வளவுதான் முடியும்.

ஒரு நாள் மத்தியானம் எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்து மெர்ச்சண்டைசர் அம்மிணி கூப்பிட்டாங்க. "ஏனுங்ணா, பையர் மீட்டிங்ல உக்காந்திருக்கோம், கேட்டலாக் தொறக்கவே மாட்டேங்குதுங்களே." லாகைப் பாத்தா ஒரு கிராலர். ஒவ்வொரு டொமைனுக்கும் நொடிக்கு ஒரு பக்கந்தான் கேக்குது. நீங்க சொன்ன அதே ஒரு நொடி! தனித்தனியாப் பாத்தா ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா அத்தனை டொமைனும் ஒரே பெட்டியில இருக்கறது அதுக்குத் தெரியலை. நொடிக்கு நாப்பது பக்கம், பக்கத்தைத் தயார் பண்ணிக் குடுக்க நான் விட்டு வச்சிருக்கற பிஎச்பி வொர்க்கர் பத்து. அப்பறம் பையருக்கு எங்கிருந்து தொறக்கும்?

அதுக்கு மேல கேட்டலாக்ல ஃபில்ட்டர் வேற. சைஸ் 6, கலர் 12, துணி கனம் (ஜிஎஸ்எம்) 5, வரிசைப்படுத்தற விதம் 4. பெருக்கிப் பாருங்க, 1440 முகவரி. உள்ள இருக்கறது அதே இருநூறு டி-சர்ட்டுங்க. மனுசன் ஒருத்தன் ரெண்டு மூணு ஃபில்ட்டர் அமுக்குவான், போயிருவான். கிராலர் 1440ஐயும் அமுக்கும். ஒவ்வொண்ணுக்கும் டேட்டாபேஸ் தனியா வேலை செய்யோணும்.

நல்ல வேளையா அந்த கிராலர், வர்றது யாருன்னு சர்வர்கிட்டச் சொல்ற யூசர் ஏஜெண்ட் வரியில தன் பேரு, என்ன ஆராய்ச்சின்னு விளக்கற ஒரு பக்கத்தோட முகவரி, மெயில் ஐடி எல்லாம் போட்டிருந்தது. மெயில் போட்டேன். அன்னிக்கு சாயங்காலமே பதில் வந்தது: டொமைன் வாரியா இல்லாம ஐபி வாரியா வரிசை போட்டு மாத்திட்டோம், ஃபில்ட்டர் முகவரிகளையும் விட்டுட்டோம்னு. அப்பறம் அந்த கிராலர் மாசக்கணக்கா வந்துட்டுப் போகுது, யாருக்கும் தெரியாது.

இதே பெட்டிக்கு இன்னொரு கிராலரும் வந்தது. குரோம் பிரவுசர் மாதிரி வேசம், பேரு கிடையாது. 429 (ரொம்பக் கேக்கறே, நிறுத்துன்னு சர்வர் சொல்ற பதில்) குடுத்தா வேற ஐபியில இருந்து வருது. யார்கிட்ட பேசறது? அந்த ஐபி வரிசையையே மொத்தமா அடைச்சுட்டேன். அதுல நல்லவங்க நாலு பேரும் மாட்டியிருப்பாங்கன்னு தெரியும். வேற வழி இல்லைங்க.

ஈரோடு

மஞ்சள்னு சொன்னதால எழுதறேன் தம்பி. நானும் அதே வேலையைப் பண்ணினவதான். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், ஈரோடு, கோபி கூட்டுறவு சங்கம்னு நாலு இடத்து ஏல விலை, விரலி தனி, கிழங்கு தனி. எங்க ஆபீஸ்ல ஒரு பையன் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எடுக்கலாம்னான். எதுக்குன்னு கேட்டா பதில் இல்லை. விலை எப்ப மாறும்னே யாருக்கும் தெரியலை.

விலைய ஏத்தற சைட் ஒண்ணுல போன் நம்பர் இருந்தது, கூப்பிட்டேன். எடுத்தவரு தான் டைப் பண்றவரே. "ஏலம் முடிஞ்சு சீட்டு எங்கைக்கு வர்றதே மத்தியானத்துக்கு மேலதானுங்க. சாயங்காலம் ஒருக்கா ஏத்துவேன், அவ்வளவுதான். லீவு நாள்ல ஏலமே இல்லீங்களே, எதுக்கு வந்து பாக்கறீங்க?" மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டுட்டு ஒண்ணும் வாங்காமப் போற ஆளு மாதிரி ஆயிருப்போம். அவரே கேட்டாரு, எக்செல் ஃபைலா மெயில்ல அனுப்பிடட்டுமான்னு. ஒரு சைட்டுக்கு கிராலரே தேவைப்படாமப் போச்சு.

மத்த சைட்டுக்கு சாயங்காலம் ஒரே தடவை. அதுவும் போன தடவை சர்வர் குடுத்த ஈடேக் (பக்கத்தோட அந்த வடிவத்துக்கான அடையாளக் குறி), கடைசியா மாறின தேதி ரெண்டையும் திருப்பிக் காட்டித்தான் கேப்போம். மாறலைன்னா சர்வர் 304ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கும், பக்கத்தை அனுப்பாது. ஒரு சைட்ல மட்டும் 304 வரவே இல்லை. நோண்டிப் பாத்தா பக்கத்துக்கு அடியில "பார்வையாளர் எண்ணிக்கை" ஓடிட்டு இருக்குது, ஒவ்வொரு தடவையும் ஈடேக் மாறிருது. அந்த சைட்காரர்கிட்டச் சொன்னேன். அது வச்சு பத்து வருசம் ஆச்சுங்க, யார் பாக்கறான்னு சிரிச்சுட்டு எடுத்துட்டாரு.

கோடு எழுதறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. நம்ம பக்கம் பாதிப் பேரு எடுப்பாங்க.

நாமக்கல்

எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்குது. பெரிய பெரிய கம்பெனி ஏஐக்கு டேட்டா எடுக்கறேன்னு எங்க கோழித்தீவன சைட்டையே தினமும் முழுசா உறிஞ்சிட்டுப் போகுது. அவனுக்கு இல்லாத ஒழுக்கம் எனக்கு மட்டும் எதுக்கு? கிராலர் எங்க போகலாம், எங்க போகக் கூடாதுன்னு சைட்காரங்க எழுதி வைக்கற ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பு என்ன சட்டமா? அப்பறம் யூசர் ஏஜெண்ட்ல மெயில் ஐடி போட்டா ஸ்பேம் தான் வரும்.

சரவணம்பட்டி

சட்டமில்லீங்ணா. 1994ல மார்டைன் கோஸ்டர்ங்கறவர் முன்வச்ச ஏற்பாடு, கிட்டத்தட்ட முப்பது வருசமா முறையான தரமா ஆகாமலே ஓடிச்சு. 2022 செப்டம்பர்லதான் ஆர்எஃப்சி 9309ன்னு (ஆர்எஃப்சின்னா இணையத் தரங்களை எழுதி வைக்கற ஆவணம்) முறையா எழுதினாங்க. இது உள்ள விடற அனுமதிக்கான பூட்டு இல்லைன்னு அதுலயே போட்டிருக்கு. ஆனா உங்க கோழித்தீவன சைட் வழியாவே யோசிங்க. அவன் உறிஞ்சறான்னு உங்களுக்குக் கோவம் வருது, அதே சைட்டை நாளைக்கு நம்ம பீளமேட்டுத் தம்பியும் எடுக்கப் போறாரு. நீங்க ரெண்டு பேரையும் எப்படிப் பிரிச்சுப் பாப்பீங்க? பேரை வச்சுத்தான். ஸ்பேமுக்கு பயந்தா தனியா ஒரு ஐடி தொறந்துக்கங்க.

ஒரு நொடி விசயத்துக்கு வர்றேன். அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லைங்க, யாரோ போட்டது. தொண்ணூறுகள் கடைசியில வந்த மெர்காட்டர்ங்கற கிராலர்ல நல்ல வழி ஒண்ணு இருந்தது. ஒரு பக்கம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சோ, அதுக்குப் பத்து மடங்கு காத்திருந்துட்டுத்தான் அடுத்ததைக் கேக்கும். சர்வர் திணறினா பதில் தாமதமாகும், நாமளும் தானா மெதுவாயிருவோம். பைத்தான்ல கிராலர் எழுத உதவற ஸ்கிராப்பியில ஆட்டோத்ராட்டில்னு ஒரு வசதி இருக்கு, அதுவும் பதில் வர்ற நேரத்தைப் பாத்துத்தான் இடைவெளியக் கூட்டும் குறைக்கும். நாம போடாத வரைக்கும் அது அணைஞ்சுதான் கிடக்கும், மறந்துராதீங்க.

ரோபாட்ஸ் கோப்புல கிரால் டிலே (ரெண்டு கோரிக்கைக்கு நடுவுல இத்தனை நொடி விடுங்கற வரி) எழுதி வச்சுட்டு நிம்மதியா இருக்கற சைட்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. அது அந்த ஆர்எஃப்சியில இல்லை. பிங் மதிக்கும், கூகுள் கண்டுக்காது. நிறுத்தணும்னா 429 குடுங்க, கூடவே ரீட்ரை ஆஃப்டர்ல எத்தனை நொடி கழிச்சு வரணும்னு சொல்லுங்க. கிராலர் எழுதறவங்க அதை மதிச்சே ஆகணும். ரீட்ரை ஆஃப்டர் வரலைன்னா ஒவ்வொரு தடவையும் இடைவெளிய ரெண்டு மடங்காக்கிட்டுப் போங்க.

நான் நேர்ல பாத்த கூத்து இது. ஒரு சர்வர் படுத்துட்டது, எதைக் கேட்டாலும் 503 (இப்ப முடியலைங்கற பிழை). ரோபாட்ஸ் கோப்புக்கும் 503. வந்த கிராலர் ஒண்ணு, கோப்பு இல்லை, அப்ப தடையும் இல்லைன்னு எடுத்துக்கிட்டு, வழக்கமா மூடி வச்சிருக்கற பக்கமெல்லாம் உள்ள பூந்துருச்சு. விதி நேரெதிர்: 404 (அப்படி ஒரு கோப்பே இல்லை)ன்னா போகலாம், 5 வரிசையில பிழை வந்தா முழுசா மூடியிருக்குன்னு வச்சுக்கணும். படுத்துக் கெடக்கறவன் மேலயே ஏறி மிதிச்ச கதை ஆயிருச்சு.

பொள்ளாச்சி

எங்க கிளையண்ட் ஒரு கல்யாண மண்டபம். புக்கிங் காலண்டர்ல "அடுத்த மாதம்"னு ஒரு லிங்க், அதுக்கு முடிவே வைக்கலை. லாகைப் பாத்தா ஒரு பாட் 2147 ஆடி மாசத்துல நிக்குது. ஆடியில எவனுங்க கல்யாணம் வைப்பான்! இப்ப ரெண்டு வருசத்துக்கு மேல 404 குடுக்கற மாதிரி வச்சாச்சு. கிராலர் எழுதறவங்க ஆழத்துக்கு ஒரு வரம்பு வச்சுக்கங்க.

பீளமேடு

ஈரோடு அக்கா சொன்ன மாதிரி நாளைக்கு முதல்ல போன். ஐபி வாரியா வரிசை போடறதையும் செஞ்சர்றேன். ஒண்ணு மட்டும் கேக்கறேனுங்க: மத்த பக்கங்களை ராத்திரி 2 மணிக்கு ஓட்டினா யாருக்கும் தொந்தரவு இருக்காதில்ல?

திருப்பூர், ஹோஸ்டிங்

ஐயோ தம்பி, 2 மணிக்கு எங்க பெட்டியில பேக்கப் ஓடும், டிஸ்க் மூச்சு விடாது. அப்பறம் நமக்கு ராத்திரின்னா அமெரிக்கா பையருக்கு ஆபீஸ் நேரம், கேட்டலாக் அப்பத்தான் அதிகமாத் தொறப்பாங்க. எங்ககிட்ட வர்றதா இருந்தா காலையில 6ல இருந்து 8க்குள்ள வாங்க. மத்தவங்களுக்கு எதுன்னு அவங்கவங்களைக் கேட்டுக்கங்க.