ரீயூனியன் தமிழர்களிடம் தமிழ் ஏன் நிற்கவில்லை?

மீனா, பட்டர்வொர்த்:
போன தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மஞ்சள் கயிறு. தமிழில் பேசினேன், புரியவில்லை. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவாம், பிரெஞ்சும், அதிலிருந்து பிறந்த உள்ளூர்ப் பேச்சான கிரியோலும்தான் தெரியுமாம். குடும்பப் பெயரைக் கைப்பேசியில் காட்டினார்: ராமசாமி! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம்மைப் போலத் தோட்டத்துக்குப் போனவர்கள்தானே? மொழி மட்டும் எங்கே போனது?

குமார், செந்தூல்:
அக்கா, அங்கே அடிமை முறை 1848 டிசம்பர் 20 அன்று ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே, புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். பிரிட்டனும் பிரான்சும் செய்த 1860 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் போனார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. ஊரிலிருந்து புது ஆள் வராவிட்டால் பேச்சு எப்படி நிலைக்கும்?

ராஜன், ஆயர் ஈத்தாம்:
பள்ளிக்கூடம்தான் பெரிய காரணம் என்பேன். நம் மலேசியத் தோட்டங்களில் கொட்டகையிலாவது தமிழ்ப் பள்ளி நடந்தது. அங்கே படிப்பெல்லாம் பிரெஞ்சு. 1946இல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆகிவிட்டது. பலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள், கோயிலுக்கும் போனார்கள். ஆனாலும் தீமிதியையும் காவடியையும் விடவில்லை, அது சாதாரண விஷயமில்லை.

மீனா:
சரி, இப்போது புரிகிறது தம்பி. ராஜன் அண்ணா, இன்னொன்று சொல்ல மறந்தேன். பந்தலுக்குப் பின்னால் முருங்கை மரம் நிற்கிறது. அதைத் தொட்டுக் காட்டி அந்த அம்மா, "மூரூங்" என்றார். அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.