பெண்டாஸ்டோமிட்: 'நாக்குப்புழு' வேண்டாம், 'நாற்கொக்கி' என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெங்களூரில் பாம்பு மீட்கும் தமிழர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் இன்னும் இழுபறியில் இருக்கிறது. பாம்பின் நுரையீரலில் இரத்தம் குடித்து வாழும் பெண்டாஸ்டோமிட்டுக்கு வரைவில் 'நாக்குப்புழு' என்று போட்டிருக்கிறோம். இதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாய் மூக்கில் வாழும் லிங்குவாட்டுலா தட்டையாக நாக்குப் போல இருப்பதால் வந்த பெயர் அது. பாம்பில் இருப்பவை உருண்டு நீண்டவை. போதாததற்கு, 'நாக்குப்பூச்சி' என்று ஊரில் சொல்வது குடல் உருளைப்புழுவை.

எல்லாவற்றையும்விட, இது புழுவே இல்லை. கைட்டின் என்ற கெட்டிப் பொருளாலான தோலை உரித்து உரித்து வளரும் உயிரி. நண்டு, இறால் வகையறா. 1972இல் விந்தணுவின் நுண்ணமைப்பும் 1989இல் ரைபோசோம் ஆர்என்ஏ ஒப்பீடும் இதை மீன்பேனுக்கு (மீனின் உடலில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுடலிக்கு) உறவாகக் காட்டின. 'புழு' என்று எழுதினால் படிப்பவர் கை நேராகக் குடற்புழு மருந்துக்குத்தான் போகும். உருளைப்புழுவுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலை இதற்கு நம்ப முடியாது. ஐவர்மெக்டினில் சில செத்தாலும், உடல்கள் நுரையீரலுக்குள்ளேயே கிடந்து அழற்சியை உண்டாக்கலாம். அதே மருந்தைப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் நட்சத்திர ஆமைக்கும் போட்டால் ஆமை செத்துவிடும்.

பெண்டாஸ்டோமிட் என்றால் ஐந்து வாய் உள்ளது என்று பொருள். ஆனால் 'ஐவாயி' என்ற நேர்பெயர்ப்பும் சரிவராது. வாய் ஒன்றுதான். அதையொட்டிய நான்கு கொக்கிகளின் குழிகளையும் வாயென்று எண்ணி வைத்த பெயர் அது. அந்த நான்கைக் கொண்டே 'நாற்கொக்கி' என்று சொல்லலாம்.

---

> 'நாற்கொக்கி' என்று சொல்லலாம்.

ஐயா, புழுவைத் தவிர்ப்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் 'கொக்கிப்புழு' பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நாற்கொக்கியை நாலு கொக்கி உள்ள கொக்கிப்புழு என்று எடுத்துக்கொள்வார்கள். நகத்தைக் குறிக்கும் 'உகிர்' நல்ல பழஞ்சொல், 'நாலுகிரி' எப்படி? 'நுரையீரல் ஒட்டுண்ணி' என்று பொதுவாக விட்டுவிடலாம் என்றும் ஒரு மடல் வந்தது. ராப்டியாஸ் உருளைப்புழுவும் பாம்பு, தவளை நுரையீரலில்தான் இருக்கிறது என்பதால் அது உதவாது.

---

அம்மா, 'நாலுகிரி'யை நாலு மலை என்றுதான் பிரித்துப் படிப்பார்கள். கொக்கிப்புழு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதனால் சொல் வரும் முதல் இடத்தில் 'நாற்கொக்கி (புழுவன்று, மீன்பேனின் உறவு)' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடலாம். பிற சொற்களும் இதிலிருந்தே பிறக்கும்: முட்டைக்குள் இருப்பது நாற்கொக்கிக் குடம்பி (லார்வா), தவளை அல்லது பல்லியின் திசுவில் உறைகட்டிக் கிடப்பது உறை நாற்கொக்கி.

குடம்பிப் பதிவில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். எலி தின்ற பாம்பின் எச்சத்தில் எலியின் உடலில் வாழும் சிற்றுண்ணியின் (mite) முட்டைகளும் கலந்து வரும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். உள்ளிருக்கும் குடம்பிக்கு மூன்று இணைக் கால் இருந்தால் சிற்றுண்ணி. குட்டையான இரண்டு இணை, நுனியில் உகிர் இருந்தால் நாற்கொக்கி. (உங்கள் உகிர் இங்கே பொருந்திவிட்டது.)

செத்த பாம்பில் கிடைத்தால் கையுறையோடு எடுத்து, 70 விழுக்காடு எத்தனாலில் போடச் சொல்லுங்கள். மரபணு ஆய்வுக்கென்றால் 95. இழுத்துப் பிடுங்கினால் தலை நுரையீரலிலேயே தங்கிவிடும். கொக்கியின் அளவும் வடிவமும் இல்லாமல் இனம் சொல்வது கடினம். முட்டை எச்சத்தில் மட்டுமல்ல, வாய்ச் சளியிலும் இருக்கும். அது வயிற்றுக்குள் போனால் மனிதரிலும் உறைகட்டும். ஆர்மில்லிஃபர் என்ற நாற்கொக்கிப் பேரினத்தின் இனங்கள் அப்படிப் பதிவாகியுள்ளன. கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

விடுவிப்பு பற்றிய பகுதியிலும் இந்தச் சொல் வர வேண்டும். ஃப்ளோரிடாவில் பர்மிய மலைப்பாம்போடு போன ரெய்லியெட்டியெல்லா ஓரியன்டாலிஸ் என்ற ஆசிய நாற்கொக்கி அங்குள்ள உள்ளூர்ப் பாம்புகளில் பரவிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆசிய வீட்டுப்பல்லியின் நாற்கொக்கி கரும்புத் தேரையில் ஏறியிருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் பிடித்த சாரையைப் பன்னேர்கட்டாக் காட்டில் விட்டால் பாம்பு மட்டும் போவதில்லை. பிடித்த இடத்துக்கு மிக அருகில், அதே ஏரிக்கரையிலோ புதரிலோ விடுவதுதான் முறை. வெவ்வேறு இடத்துப் பாம்புகளை ஒரே பையில் போடக் கூடாது. தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இந்த வடிவில் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன். 'சிற்றுண்ணி'யையும் 'உண்ணி'யையும் கையேடு பல இடங்களில் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. உடும்பின் உடலில் கண்ணுக்குத் தெரிவது உண்ணி. பாம்பின் செதிலிடுக்கில் மிளகுப்பொடி தூவியது போல ஊர்வது சிற்றுண்ணி. அடுத்த மடலில் அதைப் பேசுவோம்.